சீனாவுக்கு ரெண்டு நாள்

அத்தை வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகக் கிடப்பது நான் அடித்துக் கொடுத்த பிளெக்ஸ். பத்தடிக்கு எட்டடி. பழைய பிளெக்ஸைக் கூரையில் போடுகிறவர்கள் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்றெல்லாம் யோசிப்பதில்லை. கைக்கு எப்படி வருகிறதோ அப்படியே விரித்துக் கட்டிவிடுவார்கள். மாமா யோசித்துக் கட்டியிருந்தார். படமும் எழுத்தும் கொட்டகையின் உள்பக்கம் பார்த்திருக்கும். வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பது அவர் கணக்கு. உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால், கோட்டும் டையும் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என் மச்சான் மேலிருந்து சிரிப்பான். அவனுக்குப் பின்னால் சீனப் பெருஞ்சுவர், சுவருக்கு மேலே ஒரு விமானம். மூலையில் ஒரு டிராகன். அது வேண்டாம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது, ஆனால் அந்த இடம் காலியாக இருந்தது. கீழே ஆடுகள் நின்று அசைபோடும். 'எங்கள் மண்ணிலிருந்து சீன தேசம் செல்லும் குலவிளக்கே, வருக வருக' என்ற வாசகமும் நான் எழுதியதுதான். போகிறவனைப் பார்த்து வருக வருக என்று எழுதிய ஒரே ஆள் நீதான் என்று மச்சான் பிற்பாடு கேலி செய்தான்.

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பேன், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன், பிளெக்ஸ் டிசைன் செய்வேன். மச்சான் என்று நான் சொல்வது அத்தை மகனை. என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அந்த மூன்று மாதத்துக்காக நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். மினி பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் அவர்கள் ஊர். மானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் ஆடுதான் கதி. மாமா அதிகம் பேசமாட்டார். மகன் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியபோதும், மதுரையில் இன்ஜினியரிங் முடித்தபோதும், மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனபோதும் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதோடு சரி. அது வியர்வையா வேறெதுவுமா என்று யாரும் கேட்டதில்லை.

மச்சான் இங்கிலாந்தில் படித்தது பேட்டரி சம்பந்தமான படிப்பு. படிப்பு முடிந்தது, அங்கேயே தங்கி வேலை தேட அவர்கள் கொடுத்திருந்த காலமும் முடிந்தது. வேலை மட்டும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து என் கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். காலையில் மினி பஸ்ஸில் வருவான், சாயங்காலம் போவான். ஏன் சீனா என்று கேட்டேன். இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற மின்சார ஸ்கூட்டரில் எதைப் பிரித்தாலும் உள்ளே இருக்கிற பேட்டரி பெரும்பாலும் அங்கேயிருந்து வந்ததாகத்தான் இருக்கும், நான் படித்த படிப்புக்கு வேறு எங்கே போவது என்றான். அவனோடு இங்கிலாந்தில் ஒரே வகுப்பில் படித்த சீனாக்காரன் ஒருவன் இருந்தான். படிப்பு முடிந்ததும் அவன் தன் நாட்டுக்குப் போய்விட்டான். சீனக் கூட்டாளி என்றுதான் மச்சான் அவனைச் சொல்வான். எந்தெந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எப்படிக் கடிதம் எழுதவேண்டும், எந்தச் சான்றிதழில் யார் முத்திரை இருக்கவேண்டும் என்று அவன்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். நான் ஸ்கேன் எடுத்தேன், ஏற்றினேன், கூரியரில் அனுப்பினேன். இந்தக் கதையில் என் கை படாத இடமே கிடையாது.

மூன்றாவது இன்டர்வியூ என் கடையில்தான் நடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினேன். சத்தம் கேட்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டோம். மச்சான் மேலே கோட்டு, கீழே கைலி. திரையில் இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும். முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டார்கள், அவனும் வியர்த்து ஒழுகிக்கொண்டு சொன்னான். கடைசியில் அந்தப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். நீங்கள் எங்களோடு சேர்ந்தால் நன்றாக இருக்கும், கடிதம் வரும் என்றாள். இணைப்பு போனதும் அவன் என் பக்கம் திரும்பி, "மாப்ள, லெட்டர் கைக்கு வார வரைக்கும் மூச்சு விடாத" என்றான். நானும் சரி என்று தலையை ஆட்டினேன்.

இரண்டு நாள்தான் தாங்கினேன். எங்கள் பக்கத்தில் பிளெக்ஸ் இல்லாமல் எதுவும் நடந்ததாக ஆகாது. காதுகுத்துக்குப் பிளெக்ஸ், பூப்பு நீராட்டுக்குப் பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் பிளெக்ஸ். போலீஸில் செலக்‌ஷன் ஆனவனுக்கு, செலக்‌ஷன் லிஸ்ட் வருவதற்கு முந்தியே பிளெக்ஸ் வைக்கிற ஊர் எங்களுடையது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் விதவிதமாக அடித்துக் கொடுத்துவிட்டு, சொந்த மச்சானுக்குப் பேசாமல் இருந்தால் நான் என்ன கடைக்காரன்? அவனிடம்கூடச் சொல்லாமல் டிசைன் செய்தேன். மறுநாள் விடியும்போது பிளெக்ஸ் அவர்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், வேப்பமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவில் நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், என் சொந்தக் கல்யாணத்தில்கூட இல்லை.

மினி பஸ் ஏற வந்த மச்சான் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அதற்குள் நாலு பேர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தான். கோபமில்லை, ஒரு மாதிரி பயந்த பார்வை. பிறகு கடைக்கு வந்து, "அவசரப்பட்டுட்டியே மாப்ள" என்று மட்டும் சொன்னான். மாமா மத்தியானத்துக்கு மேல் மிளகாய்க் கொல்லையிலிருந்து நேராக வந்தாராம். எழுத்துக் கூட்டித்தான் அவரால் படிக்க முடியும். முழுவதையும் கூட்டிப் படித்துவிட்டு, பஸ் அடித்த சேறு ஒரு மூலையில் தெறித்திருந்ததைத் துண்டால் துடைத்திருக்கிறார். சாயங்காலம் நான் போனபோதும் அங்கேயேதான் நின்றார்.

"சீனா எம்புட்டுத் தூரம் மருமகனே?" என்று என்னைக் கேட்டார்.

ஏதோ ஒரு கிலோமீட்டர் கணக்கைச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். ஒரு ஆத்திர அவசரம்னா புள்ள வந்து சேர எம்புட்டு நேரமாகும்?"

லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து, விமானம் மாறி, மதுரையில் இறங்கி வருவதை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். "ரெண்டு நாளு ஆகும் மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ரெண்டு நாளுன்னா பரவால்ல. ஐஸ் பெட்டியில வச்சிருந்தா வந்து கொள்ளி வச்சிருவான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமா சிரித்து நான் பார்த்தது அபூர்வம், அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. கடிதமில்லை, நாலு வரி மின்னஞ்சல். வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி வாங்கவேண்டுமானால் பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருடம் வேலை பார்த்த அனுபவம் இருக்கவேண்டும், அது உங்களிடம் இல்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். மச்சான் அதை மூன்று தடவை படித்தான். பிறகு சீனக் கூட்டாளியை வீடியோவில் கூப்பிட்டான். அப்போதுதான் அவனை முதல்முறையாகப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். அவன் சொல்லச் சொல்ல மச்சான் எனக்குத் தமிழில் சொன்னான். ஒரு காலத்தில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தால் சீனாவில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்களாம். இப்போது அப்படிப் படித்த அவர்கள் நாட்டுப் பிள்ளைகளே கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து நிற்கிறார்கள். அங்கே கல்லூரி முடிக்கப்போகிறவர்களைக் கம்பெனிகள் வளைத்துப் போட்டு எடுக்கிற பருவம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் அவன் இங்கிலாந்தில் பரீட்சைத் தாளோடு உட்கார்ந்திருந்தான். பருவம் தவறிப் போனால், புதியவன் என்ற கணக்கிலும் சேர்க்கமாட்டார்கள், அனுபவம் உள்ளவன் என்ற கணக்கிலும் சேர்க்கமாட்டார்கள். உன்னை வேண்டாம் என்று சொன்னவர்கள் என்னையும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள் என்றான். பிறகு கேமராவைச் சுற்றிக் காட்டினான். வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், இளவட்டங்கள் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் என்றுதான் நானும் நினைத்தேன். அது ஆபீஸ் இல்லையாம். வேலை கிடைக்காதவர்கள் ஆளுக்கொரு மேசையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காலையில் வந்து வேலை பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற இடமாம். அவன் அம்மா அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

மச்சான் திரைக்குக் கிட்டே குனிந்து அந்த மேசைகளைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அந்தப் பக்கம் அவனும் சிரித்தான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிளெக்ஸ் மட்டும் இல்லாதிருந்தால் இத்தோடு போயிருக்கும். வேறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருப்பான், கிடைக்கிற வேலையைப் பார்த்திருப்பான். ஆனால் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் எப்போது பயணம் என்று கேட்டார்கள். மினி பஸ் கண்டக்டர் சீனாக்காரருக்கு இடம் விடுங்கப்பா என்றான். பஸ்ஸுக்கு நிற்கிற நேரமெல்லாம் அவன் தன் படத்துக்குக் கீழேயே நிற்கவேண்டியிருந்தது. அத்தை பருப்புப்பொடியும் மிளகாய்ப்பொடியும் இடித்து வைத்தாள். மாமா பரமக்குடிக்குப் போய், சித்திரை வெயிலில், கழுத்து வரைக்கும் மூடுகிற கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரன் சிரித்தானாம். அதை மச்சான் கையில் கொடுத்து, அங்கன குளிரு கூட இருக்குமாம்ல என்றாராம். அன்றைக்குத்தான் மச்சான் கடையில் வந்து உட்கார்ந்து, "மாப்ள, நான் போயிர்றேன்" என்றான்.

எங்கே என்று கேட்டேன்.

"சீனாவுக்குத்தான். வேற எங்க போக முடியும் நான்?"

நான் தடுத்திருக்கவேண்டும். பிளெக்ஸ் வைத்தது நான், பழி என்னுடையது, எல்லோரையும் கூப்பிட்டு நானே சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊர் என்னைக் கேலி செய்யுமே என்றுதான் எனக்கு இருந்தது. மாலை போட்டு, திருநீறு பூசி, ஊரே கூடி வழியனுப்பியது. மதுரை விமான நிலையத்துக்கு என்று பைக்கில் கூட்டிக்கொண்டு போய், பரமக்குடியில் சென்னை பஸ் ஏற்றிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஸ்கூட்டர் பேட்டரி பூட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். இங்கிலாந்தில் படித்தவன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கம்பளிச் சட்டையை அவன் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு பொய் தானாக ஓடியது. நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முந்தி என்பதை அவன் ஒருநாளும் மறக்கவில்லை. ஊரில் பொழுது சாயும்போது பேசினால், இங்கே இருட்டி வெகுநேரமாச்சு என்பான். சீனக் கூட்டாளி அவனுக்குப் படங்கள் அனுப்புவான். பனி பெய்த தெரு, நூடுல்ஸ் கிண்ணம், பாலம். அவற்றை மச்சான் எனக்கு அனுப்புவான், நான் அத்தையிடம் காட்டுவேன். ஒருமுறை ஆபீஸைக் காட்டச் சொல்லி அத்தை கேட்டாள். கூட்டாளி தன் வாடகை மேசையைப் படம் பிடித்து அனுப்பினான். அதை அத்தை தெருவெல்லாம் காட்டினாள். யாருக்கும் வேலை இல்லாத அந்த மேசையைப் பார்த்து, அங்கே ஒரு தாயும் இங்கே ஒரு தாயும் சந்தோஷப்பட்டார்கள். மாமா படங்களைப் பார்க்கமாட்டார். போனில் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு, காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு அத்தையிடம் கொடுப்பார். ஐப்பசி மழைக்கு முந்தி, பஸ் நிறுத்தத்தில் கிழிய ஆரம்பித்திருந்த பிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்து கொட்டகைக்குப் போட்டார். மத்தியானங்களில் கயிற்றுக் கட்டிலைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொள்வார்.

அடுத்த பங்குனியில், மிளகாய்ப்பழம் காயப்போட்டிருந்த களத்தில், காலையில் பழத்தைக் கிளறிவிடப் போன மாமா அப்படியே உட்கார்ந்தார். பக்கத்துக் களத்தில் இருந்தவர்கள் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முழங்கையில் இரண்டு மிளகாய்ப்பழம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரமாகப் போய் மச்சானைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். கிளம்பிட்டேன் மாப்ள என்றான். தாம்பரத்துக்கு வந்து கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். எட்டு ஒன்பது மணி நேரம், சாயங்காலம் வந்துவிடலாம்.

ஊரில் அன்றைக்கு வேறொரு சிக்கல். மறுநாள் காலையில் அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊருக்குள் பிணம் கிடக்கக்கூடாது. ஐஸ் பெட்டி வந்து மாமாவை அதில் கிடத்தியாயிற்று, ஆனால் அன்றைக்கே எடுத்தாக வேண்டும். பத்து மணிவாக்கில் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஏலே, மகன் சீனாவிலிருந்து வந்து சேர எவ்வளவு நேரமாகும், பொழுது அடைவதற்குள் வருகிற மாதிரி இருந்தால் காத்திருக்கலாம் என்றார்கள். அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். மாமாவிடம் ஒருநாள் சொன்ன பதில்தான் என் வாயில் வந்தது.

"ரெண்டு நாளாவது ஆகும்."

அப்படியானால் மாமாவின் தம்பி மகன் கொள்ளி வைக்கட்டும், மூன்று மணிக்கு எடுத்துவிடலாம் என்று முடிவானது. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். திருச்சி தாண்டியபோது மச்சான் கூப்பிட்டான். விவரம் சொன்னேன். "ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லு மாப்ள. எல்லார்ட்டயும் உண்மையச் சொல்லிரு. நான் வந்துர்றேன்" என்றான். நான் பந்தலைப் பார்த்தேன். மேளம் வந்துவிட்டது. வெளியூர்ச் சனம் வந்துகொண்டிருந்தது.

"வேணாம் மச்சான்" என்றேன். "மாமா கெடக்கையில வச்சு, ஒன்னைய ஊரு நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கும். வேணாம்."

பஸ்ஸின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சரி என்று வைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு என்றது, வெளியூர்ச் சனம் வந்து சேர ஐந்தாகிவிட்டது. பாடையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சுடுகாட்டுக்கு நடந்தபோது, நான் பின்தங்கி, பைக்கை எடுத்துக்கொண்டு, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு ரோட்டுக்குப் போனேன். மச்சான் ஒரு பையும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கினான். கண்மாய்க்கு இந்தக் கரையில் சீமைக்கருவேலங் காடு, அந்தக் கரையில் சுடுகாடு. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முள்ளுக்குள் நின்று பார்த்தால், அந்தப் பக்கம் நிற்கிற ஆட்களைக்கூட அடையாளம் தெரியும். அவன் செருப்பைக் கழற்றினான். முள் குத்தும் என்றேன். காதில் வாங்கவில்லை. அங்கே மாமாவின் தம்பி மகன் தோளில் குடத்தை வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். இங்கே மச்சான் தண்ணீர் பாட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கருவேல மரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். ஒரு சுற்று முடிந்ததும் எனக்கு முன்னால் வந்து நின்றான். எதற்கு நிற்கிறான் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட ஆள் வேண்டும். என்னிடம் இருந்தது பைக் சாவிதான். அதை வைத்துக் குத்தினேன். தண்ணீர் அவன் முதுகில் இறங்கியது. மூன்று சுற்று, மூன்று குத்து. மூன்றாவது குத்தில் சாவி வழுக்கி அவன் கழுத்தில் கீறிவிட்டது. அவன் பாட்டிலைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். புகை எங்கள் பக்கம்தான் வந்தது.

இரண்டு நாள் அவனை என் கடையின் உள்ளறையில் வைத்திருந்தேன். பிளெக்ஸ் சுருள்களுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்திருந்தான். மறுநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, இப்போது நான் எங்கே இருப்பேன் மாப்ள என்று கேட்டான். சிங்கப்பூரில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலையில், விமானத்தில் வந்தவனைக் கூட்டிவருவதுபோல் வாடகைக் காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். அத்தை அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் கழுத்தில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை.

அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போனோம். உச்சிப்புளி தாண்டும்போது கடற்படை விமானம் ஒன்று தாழப் பறந்தது. கூட வந்த பெரியவர் ஒருவர், இது மாதிரியிலதான் வந்தியாப்பா என்று கேட்டார். இதைவிடப் பெரிசு என்று மச்சான் மரியாதையாகப் பதில் சொன்னான். அக்னி தீர்த்தத்தில் மொட்டை போட்டு, கலயத்தோடு கடலில் இறங்கினான். மார்பளவு தண்ணீரில் கலயத்தைக் கவிழ்த்துவிட்டு முங்கினான். எழுந்தபோது என் பக்கம் திரும்பி, "ஒன் ரெண்டு நாள் கணக்கு சரியாப் போச்சு பாரு" என்றான். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொல்வது மாதிரிச் சொன்னான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் என்னிடம் பேசியதே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கருமாதி முடிந்து மறுபடி 'சீனாவுக்கு' ஸ்ரீபெரும்புதூர் போனான். அங்கே வேலை பார்த்து இரண்டு வருடம் முடிந்ததும், அதே இரண்டு வருடம் அனுபவம் என்று கணக்கில் வந்துவிட்டது. சீனாவில் வேறொரு கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. இந்த முறை கடிதமும் வந்தது, விசாவும் வந்தது. நிஜமாகவே போய் ஒரு வருடம் ஆகிறது. ஊரில் யாருக்கும் அது செய்தியே இல்லை; அவர்களைப் பொறுத்தவரை அவன் எப்போதோ போய்விட்டான். சீனக் கூட்டாளி மேசையை விட்டுவிட்டு, தன் ஊருக்குப் போய் அப்பாவின் கடையில் உட்கார்ந்துவிட்டானாம். மச்சான் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். பனியைப் பற்றியோ ஆபீஸைப் பற்றியோ இப்போது எதுவும் சொல்வதில்லை, படம் அனுப்புவதுமில்லை.

போன ஐப்பசியில் கொட்டகை ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டு, புதுத் தார்ப்பாய் ஒன்று வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். பிளெக்ஸை எடுத்துவிடலாம் என்று கயிற்றில் கை வைத்தேன். அத்தை வேண்டாம் என்றாள். மாமாவின் கட்டில் இன்னும் உள்ளேயே கிடந்தது. அதில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டு, மாமா ஒருநாள் மகனோடு பேசிவிட்டு வந்து இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்ததைச் சொன்னாள். போனில் மச்சான் குரலுக்குப் பின்னால், வண்டியில் ஸ்பீக்கர் கட்டிக் கோலமாவு விற்கிற சத்தம் கேட்டதாம். சீனாவில் எவன்டி கோலமாவு விற்கிறான் என்று கேட்டுச் சிரித்தாராம். நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அத்தை என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"அவனா சொல்லட்டும், நாம கேட்டா புள்ள தலை குனிஞ்சிருவான்னாரு. பக்கத்துலதான் இருக்கான்னு தெரிஞ்சப்புறந்தான் மனுசன் நிம்மதியாத் தூங்குனாரு. ஒரு பொழுதுல வந்துருவான்டீன்னு இங்கன படுத்துக்கிட்டுச் சொல்லுவாரு."

அப்படியென்றால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா எம் புள்ள பொய்க்காரன்னு ஆயிரும்ல. அதான் ஒன் மொகத்தையே பாத்தேன். எம்புட்டோ பொய் சொன்ன நீயி. அன்னைக்கு இன்னும் ஒன்னு சொல்லியிருக்கக் கூடாதாய்யா? லீவுல மெட்ராஸ் வந்து எறங்கிட்டான், பொழுதடைய வந்துருவான்னு?"

அந்தப் பொய் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் கேட்ட வாசகத்தைக் கேட்ட இடத்தில் எழுதிக் கொடுக்கிறவன் நான். அந்த ஒரு வரி தோன்றவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. அத்தை ஆடுகளை உள்ளே ஓட்டிவந்து கட்டினாள். நான் பிளெக்ஸை அவிழ்க்காமல், தார்ப்பாயை அதற்கு மேலேயே விரித்து நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினேன். ஒழுகுவது நின்றது. இறங்கி உள்ளே வந்தபோது, அத்தை கட்டிலில் எனக்கும் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.